வாட்டின் கணக்கும் இசைத்தட்டின் தேவையும்

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் இல்லத்தின் பரணில் ஏறக்குறைய முந்நூறு இசைத்தட்டுகள் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்தன. எங்கள் தந்தையார் சம்பள நாள்தோறும் காலா கோடாவிலிருந்த ரிதம் ஹவுஸ் கடைக்குச் சென்று, ஒன்றும் இரண்டுமாக வாங்கிச் சேர்த்தவை அவை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரி, பிஸ்மில்லா கானின் ஷெனாய், எஸ்.டி. பர்மனின் திரைப்பாடல்கள், 'ஷோலே' படத்தின் வசனத்தட்டு என எல்லாம் அதில் அடக்கம். பழைய பிளேயர் பழுதாகிப் போனது. ரிதம் ஹவுஸும் 2016ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தட்டுகள் மட்டும் மிஞ்சின.

தந்தையாரின் சதாபிஷேகத்தை ஒட்டி, அந்தத் தட்டுகள் மீண்டும் பாட வேண்டும் என்று உடன்பிறந்தோராகிய நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். புதிய டர்ன்டேபிள் ஒன்று, அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்துக்கு 40 வாட் ஆற்றலுள்ள ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஆகியவற்றை வாங்கி வந்தோம். இசை ஒலித்தது, ஆனால் அடுத்த அறையில் பாடுவதுபோல் ஒலித்தது. ஒலித்திருகை முழுதும் திருப்பியும் பயனில்லை. ஆற்றல் போதவில்லை என்று நாங்களே தீர்மானித்தோம். கடைக்காரரும் அதையே ஆமோதித்தார். முதல் ஆம்ப்ளிஃபயரை அரை விலைக்குத் திருப்பிக் கொடுத்து, பக்கத்துக்கு 150 வாட் தருவதொன்றை அதைப்போல் மூன்று மடங்கு விலையில் வாங்கினோம். ஒலி சற்றே கூடியது. அதன் உயிரற்ற தன்மை மாறவில்லை.

அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்ட தந்தையார் சொன்னார்: "எனக்குத்தான் காது மந்தமாயிடுத்து போலிருக்கு. மிருதங்கத்துல தொப்பியே கேக்கலை. நீங்க ஏம்ப்பா வீணா செலவு பண்றேள்?"

செலவான பணத்தைவிட அந்தச் சொல்தான் எங்களை வருத்தியது. சில நாள்களுக்குப் பின் லாமிங்டன் சாலையைச் சேர்ந்த முதிய பழுதுநீக்குநர் ஒருவர் வந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தை இரண்டு நிமிடம் மட்டுமே பார்த்தார். குறை வாட்டிலும் இல்லை, தந்தையாரின் செவியிலும் இல்லை என்பது அப்போது விளங்கியது. டர்ன்டேபிளின் கம்பியை நாங்கள் செருகியிருந்த இடமே தவறு.

இசைத்தட்டுகள் மீண்டும் விரும்பப்படும் இக்காலத்தில், எங்களைப் போலவே பலரும் முதலில் வாட்டைத் தேடிச் செல்கின்றனர். அவர்களின் பணமும் மனமும் வீணாகாதிருக்க, நாங்கள் கற்றுக்கொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

ஊசி முனையில் தொடங்கும் கணக்கு

தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது, கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழைக்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அசைவை மின்னழுத்தமாக மாற்றுகின்றன. இல்லங்களில் பெரிதும் பயன்படும் அசையும் காந்த வகை, அதாவது எம்.எம். கார்ட்ரிட்ஜ், தருவது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அசையும் சுருள் வகையான எம்.சி. கார்ட்ரிட்ஜ்களில் பல, அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தருகின்றன. சி.டி. பிளேயர் ஒன்று தரும் உச்ச அளவோ 2 வோல்ட். எம்.எம். கார்ட்ரிட்ஜைப் போல் 400 மடங்கு.

ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' என்னும் வாயில், சி.டி. பிளேயர் போன்ற கருவிகளுக்காக அமைந்தது. அங்கே அரை வோல்ட் வந்தால் முழு ஆற்றலையும் வெளியிடும் ஓர் ஆம்ப்ளிஃபயரில், 5 மில்லிவோல்ட் மட்டுமே வந்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் நூறில் ஒரு பங்காகும். ஆற்றல் அதன் இருபடியாகப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். எங்கள் 150 வாட் ஆம்ப்ளிஃபயர், திருகை முழுதும் திருப்பிய நிலையிலும், 0.015 வாட்டைத்தான் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் 500 வாட் கருவியை வைத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிராது.

இடையில் இருக்க வேண்டியது ஃபோனோ நிலை என்னும் முன்பெருக்கி. எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு அது சுமார் 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கம் தரும். எம்.சி. வகைக்கு 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு வேண்டும். சில ஆம்ப்ளிஃபயர்களில் 'ஃபோனோ' என்னும் தனி வாயிலாகவே இது உள்ளடங்கியிருக்கும். சில டர்ன்டேபிள்களுக்குள்ளேயே இது அமைந்திருக்கும். இரண்டிலும் இல்லையெனில் தனிப்பெட்டியாக வாங்கலாம். இரண்டிலும் இருந்தால் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இருமுறை பெருக்கினால் ஒலி சிதையும்.

ஃபோனோ நிலைக்கு மற்றொரு கடமையும் உண்டு. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே பொறித்தால் பள்ளம் அகன்று, தட்டில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். ஆகவே பொறிக்கும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பொறிப்பர். கேட்கும்போது அதனைத் தலைகீழாக்கிச் சமன்செய்தல் வேண்டும். 1954ஆம் ஆண்டு முதல் பரவிய ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது அளவுமுறையின்படி, நடு ஒலியை ஒப்பிட 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் குறைக்கப்பட்டிருக்கும். இந்தச் சமன்பாடு நிகழாவிடில் தம்பூராவின் கணீரொலி கேட்கும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி மறைந்துவிடும். எங்கள் தந்தையார் சொன்னது அவர் செவியின் குறையன்று. மிகத் துல்லியமான குறிப்பறிதல்.

எத்தனை வாட் வேண்டும்?

ஃபோனோ நிலை சரியான பின்னரே வாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. அதற்கு மூன்று விவரங்கள் போதும்: ஸ்பீக்கரின் உணர்திறன், நாம் அமரும் தொலைவு, நாம் விரும்பும் ஒலியளவு.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் '87 டெசிபல், 1 வாட், 1 மீட்டர்' என்பது போன்ற குறிப்பு இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் கேட்கும் என்பது அதன் பொருள். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், திறந்த வெளியில் சுமார் 10 டெசிபல் குறையும். இல்லத்திலோ இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதாலும், சுவர்கள் ஒலியைத் திருப்புவதாலும் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும். தோராயமாக 83 டெசிபல் நம்மை வந்தடைகிறது என்று கொள்ளலாம். கூடத்தில் நிறைவாக இசை கேட்பதற்குச் சராசரி 75 முதல் 80 டெசிபல் போதுமானது. பெரும்பாலான நேரம் நாம் பயன்படுத்துவது ஒரு வாட்டுக்கும் குறைவு என்பது இதனால் புலப்படும்.

அப்படியாயின் பெரிய ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று வாசகர் வினவலாம். இசையின் உச்சங்களுக்காகவே அது தேவை. தனியாவர்த்தனத்தின் தீர்மானத்திலும், திரையிசையில் வயலின் கூட்டமும் தாளக்கருவிகளும் ஒருங்கே எழும் இடத்திலும், ஒலி கணநேரம் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை உயரும். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஆற்றல் இருமடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. நம் செவிக்கோ அந்தப் பத்து மடங்கு ஆற்றல்தான் 'இரு மடங்கு உரத்த ஒலி'யாகத் தோன்றும்.

உச்சத்தில் 100 டெசிபல் வேண்டுமென்று கொள்வோம். மேற்கண்ட 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 50 வாட் வேண்டும். உணர்திறன் 83 டெசிபலாக இருந்தால் அதே ஒலிக்கு 125 வாட் ஆகும். 92 டெசிபலாக இருந்தாலோ 16 வாட்டே போதும். உணர்திறன் மிக்க ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது, ஆம்ப்ளிஃபயருக்கான செலவைக் குறைக்கும் வழி என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு மாறினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அந்த வேறுபாட்டுக்கு விலை இருமடங்காகும்போது, அது நமக்குத் தேவையா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆற்றல் உண்மையிலேயே வேண்டுமெனில்

கூடம் பெரிதாகவும், ஸ்பீக்கரின் உணர்திறன் குறைவாகவும், அதன் மின்தடை 4 ஓமாகவும் இருந்தால் வலிய ஆம்ப்ளிஃபயர் நியாயமான தேவையே. ஆற்றல் போதாத ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருப்பினால், ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சிதையும். அந்தச் சிதைவு ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரைச் சுட்டுவிடவும் கூடும். இசை கரகரத்தால் உடனே திருகைக் குறைக்க வேண்டும்.

வாங்கும்போது 8 ஓமில் எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை வாட் என்று இரண்டையும் கேட்க வேண்டும். 8 ஓமில் 60 வாட் தரும் கருவி 4 ஓமில் 100 வாட்டுக்கு மேல் தந்தால், அதன் மின்வழங்கும் பகுதி உறுதியானது என்று கொள்ளலாம். இரு பக்கமும் ஒருங்கே இயங்கும்போது அளந்த எண்ணா, ஒரு பக்கத்தை மட்டும் அளந்ததா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

விளம்பரப் பெட்டிகளில் '4000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்த எண்ணுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு வரையறை ஏதும் இல்லை. நாம் பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். ஆற்றலை. அதனுடன் அலைவெண் வரம்பும் சிதைவு விழுக்காடும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான சிதைவுடன் 50 வாட்' என்று எழுதியிருப்பது, வெறும் '100 வாட்' என்பதைவிட நம்பத்தக்கது. கருவியின் பின்பலகையில் அச்சிட்டிருக்கும் மின்நுகர்வையும் பாருங்கள். 60 வாட் மின்சாரம் நுகரும் பெட்டி 2000 வாட் இசையைத் தொடர்ந்து வெளியிடுதல் இயற்கைக்கு ஒவ்வாதது.

ஆம்ப்ளிஃபயரின் வகை குறித்தும் ஒரு சொல். ஏ-பி வகை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது; எடை மிகுந்தது, ஓரளவு சூடாகும். டி வகை மிகக் குறைந்த வெப்பத்துடன், சிறிய பெட்டியில் பெரிய ஆற்றலைத் தரும். வால்வு வகைக்குத் தனிச் சுவைஞர்கள் உண்டு. அவற்றில் பல குறைந்த வாட்டே தருவன, வால்வுகளும் காலப்போக்கில் மாற்றத்தக்கன. நன்கு வடிவமைத்தால் எவ்வகையிலும் இனிய இசை கேட்கலாம்.

வலிய ஆம்ப்ளிஃபயரும் வளைந்த தட்டும்

பரணில் சாய்ந்து கிடந்த தட்டுகள் சற்றே வளைந்திருக்கும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில் ஒரு வளைவு, நொடிக்கு ஏறத்தாழ 0.55 முறை ஊசியைத் தூக்கி இறக்கும். நம் செவிக்கு எட்டாத இந்த அசைவையும் ஆம்ப்ளிஃபயர் பெருக்கியே தீரும். ஆற்றல் மிக்கதாயின், ஸ்பீக்கரின் பெரிய கூம்பு ஒலியே இன்றி முன்னும் பின்னும் துடிப்பதைக் கண்ணால் காணலாம். காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கர்களில் இது மேலும் கூடும். வாட் வீணாவதோடு ஸ்பீக்கருக்கும் ஊறு நேரலாம். 'சப்சோனிக் ஃபில்டர்' உள்ள ஃபோனோ நிலையைத் தேர்ந்தால் இத்தொல்லை பெரிதும் தணியும். வலிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் இதனைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்.

டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைத்தல் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசியை அடைந்து, மீண்டும் பெருகி, ஊளையொலியாக முடியும். சுவரில் பதித்த உறுதியான பலகை டர்ன்டேபிளுக்கு ஏற்றது. அதிலிருந்து வரும் மெல்லிய தரைக்கம்பியை ஆம்ப்ளிஃபயரின் திருகில் இணைக்க மறந்தால், 'ம்ம்' என்ற இரைச்சல் இடைவிடாது கேட்கும். 78 சுழற்சித் தட்டுகள் இருப்பின், அவற்றின் அகன்ற பள்ளத்துக்கென்றே தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசியால் அவற்றை ஓட்டலாகாது.

வெளிநாட்டுக் கருவி வாங்குவோருக்கு

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் பழைய ஆம்ப்ளிஃபயரையோ டர்ன்டேபிளையோ அன்புடன் கொண்டுவருவதுண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். நேராகச் செருகினால் கருவி எரிந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயருக்கு உதவும். ஆனால் அது அலைவெண்ணை மாற்றாது. மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் பழைய மோட்டார் உள்ள 60 ஹெர்ட்ஸ் டர்ன்டேபிள், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் குறைவாகவே ஓடும். பாடகரின் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் தாழ்ந்துவிடும். பெறுமுன் பின்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

பணத்தைப் பங்கிடும் முறை

வரவுசெலவை எழுதிப் பார்க்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் எழுத வேண்டாம். முதலில் கூடத்துக்கேற்ற ஸ்பீக்கர். அடுத்து நல்ல கார்ட்ரிட்ஜுடன் கூடிய டர்ன்டேபிள். மூன்றாவதாக ஃபோனோ நிலை. அவற்றின் தேவையைக் கணக்கிட்ட பின் ஆம்ப்ளிஃபயர். இந்த வரிசையில் சென்றால் வேண்டாத வாட்டுக்குப் பணம் கொடுக்க நேராது. ஊசியும் தேய்மானப் பொருளே. சுமார் 500 முதல் 1,000 மணி நேரத்தில் அதை மாற்ற வேண்டியிருக்கும். தேய்ந்த ஊசி தட்டையே கெடுக்கும். அதற்கென ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

தவணையில் வாங்குவோர், 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லைக் கேட்டவுடன் இசையலாகாது. முழுத்தொகையையும் ஒரே முறையில் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, இறுதியில் கையை விட்டுச் செல்லும் மொத்தத் தொகைகளை ஒப்பிட வேண்டும். உரிய விலைப்பட்டியலும் உத்தரவாத அட்டையும் இன்றி எதையும் வாங்க வேண்டாம். தங்கள் இசைத்தட்டையே கடைக்கு எடுத்துச் சென்று கேட்டுப் பாருங்கள். இல்லத்தில் பொருந்தாவிடில் எத்தனை நாளுக்குள், எவ்வளவு பிடித்தம் போகத் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் பெறுங்கள். இந்தக் கடைசி அறிவுரையை நாங்கள் அரை விலை இழந்த பின்னரே கற்றோம்.

அடுக்ககத்தில் வாழ்வோர் அண்டை வீட்டாரையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. சுவரைக் கடந்து எளிதில் செல்வது தாழ்ந்த ஒலியே. பயன்படுத்த இயலாத ஆற்றலுக்கு விலை கொடுப்பதும் ஒருவகை வீண்செலவே.

மீண்டும் மாட்டுங்காவில்

பழுதுநீக்குநர் மறுநாள் சிறிய ஃபோனோ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இடையில் இணைத்தார். அதன் விலை, ஆம்ப்ளிஃபயரை மாற்றியதில் நாங்கள் இழந்த தொகையில் கால் பங்குகூட இல்லை. தந்தையாரிடம் எதுவும் சொல்லாமல் அதே எம்.எஸ். தட்டைச் சுழல விட்டோம். திருகு கால் பங்குக்கும் கீழே நின்றது.

செய்தித்தாளில் ஆழ்ந்திருந்த அவர் தலையை உயர்த்தவில்லை. சற்று நேரத்தில் அவருடைய வலக்கை நாற்காலியின் பிடியில் தாளம் போடத் தொடங்கியது. பக்கம் முடிந்து ஊசி விலகியதும், "தொப்பி கேக்கறதே!" என்றார். பின்னர், "அந்தப் பக்கத்தையும் போடுங்கோ" என்றார்.

150 வாட் ஆம்ப்ளிஃபயர் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அதில் ஒரு வாட்டுக்கு மேல் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை.